கிராதிஸ்: கோட்டையும் தோட்டமும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீன் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், டீ ஆற்றின் பள்ளத்தாக்கில் கிராதிஸ் கோட்டை இருக்கிறது. அகழியும் நீண்ட மதிலும் கொத்தளங்களும் இருக்கும் என்று எண்ணி வருபவர்களுக்கு இங்கே காணக் கிடைப்பது நெடிதுயர்ந்த ஒரே ஒரு கட்டடம்தான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் நிலக்கிழார்கள் கட்டிக்கொண்ட 'கோபுர வீடு' என்ற வகையைச் சேர்ந்தது இது. படையெடுப்பைத் தாங்குவதற்காக இவற்றைக் கட்டவில்லை. பகை கொண்ட அண்டைக் குடும்பமோ கொள்ளைக் கூட்டமோ திடீரென வந்தால் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கலாம், அவ்வளவுதான். மற்றபடி அது குடும்பம் வாழும் வீடு, குடும்பத்தின் பெருமையை ஊருக்குக் காட்டும் வீடு.

அந்தக் குடும்பம் பர்னெட் குடும்பம். ஆங்கிலேயருடனான விடுதலைப் போரில் வென்ற ராபர்ட் புரூஸ் மன்னர், தமக்குத் துணைநின்ற அலெக்சாண்டர் பர்னார்டுக்கு 1323இல் இந்தப் பகுதி நிலங்களை வழங்கினார். அந்தக் கொடையின் அடையாளமாக மன்னர் தந்தது என்று குடும்ப மரபு சொல்லும் கொம்பு ஒன்று, கோட்டையின் பெருங்கூடத்தில் கணப்புக்கு மேலே இன்றும் தொங்குகிறது. தந்தத்தால் ஆன அந்தக் கொம்பில் கற்கள் பதித்திருக்கிறார்கள். நிலம் கிடைத்தவுடன் கோட்டை எழும்பிவிடவில்லை. அருகிலிருந்த லேய்ஸ் ஏரியில், மரத்தாலும் கல்லாலும் உருவாக்கிய செயற்கைத் தீவு ஒன்றில்தான் குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்தது. கோட்டையின் பணி 1553இல் தொடங்கியது. நாட்டில் நிலவிய அரசியல் குழப்பங்களிடையே அது இழுத்துக்கொண்டே போய், 1596இல்தான் முடிந்தது.

வெளியிலிருந்து பார்க்கும்போதே கட்டடத்தின் போக்கு தெரிந்துவிடும். கீழ்ப்பகுதி வெறுஞ்சுவர், கல்லின் மீது கரடுமுரடான சுண்ணாம்புச் சாந்து பூசி, மூலைகளை வளைத்துவிட்டிருக்கிறார்கள். சன்னல்கள் சிறியவை, குறைவானவை. மேலே போகப் போக அலங்காரம் கூடுகிறது. கல் தாங்கிகளின் மேல் வெளியே துருத்தி நிற்கும் சிறு கோபுரங்கள், படிக்கட்டுப் போல ஏறும் கூரை விளிம்புகள், செதுக்கிய குலச்சின்னங்கள் எல்லாம் எதிரியின் கை எட்டாத உயரத்தில் இருக்கின்றன. வாசலில் இரும்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த கனத்த கதவு. அதைத் தாண்டினால் கல் வளைவுக் கூரை கொண்ட தரைத்தளம். மேலே ஏறும் குறுகலான சுழற்படிகளில் ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே மற்றவற்றின் அளவுக்கு மாறாக வைத்தார்கள். இருட்டில் ஓடிவரும் அந்நியன் அதில் இடறி விழுவான். வீட்டாருக்குக் கால் பழகியிருக்கும்.

கிராதிஸின் உண்மையான செல்வம் மேல்தளங்களின் ஓவியக் கூரைகள். பைன் பலகைகளிலும் அவற்றைத் தாங்கும் உத்தரங்களிலும், பசை கலந்த வண்ணங்களால் 1600ஆம் ஆண்டையொட்டித் தீட்டியவை அவை. ஓர் அறையில் ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர், தாவீது, ஆர்தர், ஷார்லமேன் உள்ளிட்ட ஒன்பது மாவீரர்கள். இன்னொன்றில் கலைகளின் ஒன்பது தேவியர். உத்தரங்களின் பக்கவாட்டில் பழைய ஸ்காட்ஸ் மொழியில் அறிவுரைகளும் வேத வாசகங்களும் ஓடுகின்றன. கூரையை அண்ணாந்து பார்த்தே குழந்தைகள் வரலாறும் ஒழுக்கமும் கற்றிருக்க முடியும். பின்னாளில் ரசனை மாறியபோது இவற்றின் மீது சாந்துப் பூச்சுக் கூரையை அடித்து மூடிவிட்டார்கள். 1877இல் அது நீங்கியபோது வண்ணங்கள் வெளிப்பட்டன. மறைத்து வைத்ததே அவற்றைக் காப்பாற்றியது என்று சொல்வதில் தவறில்லை.

மூன்றாவது ஓவியக் கூரை இருக்கும் அறைக்குப் 'பச்சை உடைப் பெண்' அறை என்று பெயர். கைக்குழந்தையுடன் ஒரு பெண்ணுருவம் கணப்பருகே நடமாடும் என்பது வழிவழியாக வரும் கதை. உச்சித் தளத்தில் கோட்டையின் அகலம் முழுவதும் நீளும் கூடம், கருவாலிப் பலகைகள் வேய்ந்த கூரையுடன் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இத்தகைய கூரை மிக அரிது. அங்கிருந்து கீழே இறங்கும் முன், தோட்டத்தை நோக்கிய சன்னல் ஒன்றின் அருகே சிறிது நேரம் நிற்பது நல்லது. தோட்டத்தின் திட்டம் மேலிருந்துதான் தெளிவாகப் புரியும்.

மதில் சூழ்ந்த அந்தத் தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4 ஏக்கர். பூமத்திய ரேகையிலிருந்து 57 பாகை வடக்கே இருக்கும் இந்த மண்ணில் மதில் என்பது அழகுக்கான பொருள் அல்ல. காற்றைத் தடுத்து, பகல் வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கருவி. உள்ளே தோட்டத்தின் மேல்தட்டைக் குறுக்காகப் பிரித்து நிற்கின்றன யூ மரவேலிகள். என்றும் பசுமையான இந்த ஊசியிலை மரங்களை நட்டது 1702இல். ஆண்டுதோறும் கத்தரித்துக் கத்தரித்து, மூன்று நூற்றாண்டுகளில் அவை ஆளுயரத்தைத் தாண்டிய அடர்த்தியான பசுஞ்சுவர்களாகவும், மேலே முட்டை வடிவங்களைத் தாங்கிய பெரும் உருவங்களாகவும் ஆகிவிட்டன.

இந்தப் பழைய வேலிகளுக்கிடையே இன்றைய தோட்டத்தை உருவாக்கியவர்கள், 1926இல் பொறுப்பேற்ற சர் ஜேம்ஸ் பர்னெட்டும் அவர் மனைவி சிபில் சீமாட்டியும். ராணுவ அதிகாரியான கணவருக்கு அரிய மரங்களிலும் புதர்களிலும் நாட்டம். மனைவியின் கண்ணோ நிறங்களின் மீது. தோட்டத்தை அவர்கள் எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மேல் குளத்தோட்டத்தில் மஞ்சளும் சிவப்பும், அவற்றுக்கு ஈடாக ஊதா கலந்த இலைகளும். வெண்பாத்தியில் வெள்ளைப் பூக்கள் மட்டுமே. நீரூற்றுத் தோட்டத்தில் நீலம் ஓங்கி நிற்கிறது. ஜூன் பாத்தியின் நடுவே செல்லும் பாதை, இருபுறமும் அலையாய் எழும் பூக்களின் வழியே கோட்டையைக் காட்டுகிறது. கிராதிஸின் படங்களில் பெரும்பாலானவை இங்கிருந்து எடுத்தவைதான். இந்தச் செடிகளில் பல குளிர்காலத்தில் தரைமட்டம் வரை மடிந்து, வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பவை. ஒன்று ஓயும்போது அடுத்தது மலரும்படி உயரம், நிறம், மலரும் மாதம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிபில் சீமாட்டியின் தேர்ச்சி இதில்தான் வெளிப்படுகிறது. ஓவியக் கூரைகளைத் தீட்டியவர்களுக்குச் சற்றும் குறையாத கலைஞர் அவர். அவருடைய நினைவாக 1973இல் பொன்னிறத் தோட்டம் உருவானது.

1951இல் குடும்பம் கோட்டையையும் தோட்டத்தையும் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. 1966இல் ஏற்பட்ட தீவிபத்து 18ஆம் நூற்றாண்டில் சேர்த்த பக்கக் கட்டடத்தை அழித்தது. பழைய கோபுரமும் அதன் கூரை ஓவியங்களும் தப்பின.

கோட்டை நிலத்தின் வாரன் ஃபீல்ட் என்னும் வயல் இவை எல்லாவற்றையும்விடப் பழையது. அங்கே 2004 முதல் 2006 வரை நடந்த அகழாய்வில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் வரிசையாகத் தோண்டிய 12 குழிகள் தெரியவந்தன. அவை சந்திரனைக் கொண்டு மாதங்களைக் கணித்த அமைப்பு என்று 2013இல் ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. தரைக்கு மேலே பார்ப்பதற்கு அங்கே எதுவும் கிடையாது.

செல்ல ஏற்ற காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜூன் மாதத்தில் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால், கோட்டைக்குள் காலையைச் செலவிட்டாலும் தோட்டத்துக்கு வெளிச்சம் மிச்சமிருக்கும். அபர்டீனிலிருந்து பாங்கரி ஊருக்குச் செல்லும் சாலையிலேயே கோட்டையின் வாயில் இருக்கிறது. மாடிகளுக்குப் போகும் சுழற்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தோட்டமே எளிது.