பர்மாவின் அரிய பூமரம்

பிழைப்புக்காக பர்மாவுக்குக் கப்பலேறிய பெரியவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. அந்த நாட்டுக்கே சொந்தமான மரம் ஆம்ஹெர்ஸ்டியா நோபிலிஸ். புளியும் கொன்றையும் சேர்ந்த அதே குடும்பம்தான். சுமார் 12 மீட்டர் வரை வளரும்.

இதன் பூக்கொத்து நிமிர்ந்து நிற்பதில்லை. அரை மீட்டருக்கும் நீளமாக, சரவிளக்கு போலக் கீழ்நோக்கித் தொங்கும். இதழ்கள் நல்ல சிவப்பு. விசிறியாய் விரிந்த பெரிய இதழின் நுனியில் மஞ்சள் தீற்றியிருக்கும்.

தளிர்தான் இன்னும் வேடிக்கை. பச்சையாகவே பிறக்காது. செம்பழுப்பு நிறத்தில், துவண்டுபோய்க் கொத்தாகத் தொங்கும். மரம் பட்டுப்போகிறது என்று பதறி நாம் தண்ணீர்க் குடத்தோடு ஓடுவோம்! பொறுத்திருந்தால் இலைகள் தானாக விறைத்துப் பச்சையாகிவிடும்.

இவ்வளவு பூத்தும் காய்ப்பது அபூர்வம். அதனால் பதியம் போட்டுத்தான் பெரும்பாலும் பெருக்குகிறார்கள். 1820களில் தாவரவியலாளர் நதானியல் வாலிக் மார்த்தபான் பகுதியில் இதைக் கண்டதும் காட்டில் அல்ல. பாழடைந்த பௌத்த மடத்துத் தோட்டத்தில். அருகிலிருந்த குகைச் சிலைகளின் முன்னே இதன் பூக்களை மக்கள் படைத்திருந்தார்கள். காட்டில் இது தென்படுவது இன்றும் மிக அரிது. மனிதர் நட்டு வளர்த்த இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. இலங்கையிலுள்ளவர்கள் பேராதனைப் பூங்காவுக்குப் போனால் பார்க்கலாம்.