இலையுதிர் காலமும் நம் காய்கறித் தோட்டமும்

மாணவச் செல்வங்களே! குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால், தோட்டக்காரர்கள் மண்ணுக்கு எருவிட்டு, கருவிகளைச் செப்பனிட்டு, வசந்தத்தை எதிர்நோக்கியிருப்பர். நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள நம் பேராக் மாநிலத்தில் பனி பெய்வதில்லை. ஆயினும், நமக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு. அதனைக் காட்டுவது ரப்பர் மரமாகும்.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிற்காலத்தில் பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பலர் அங்கே பால் வெட்டி வாழ்ந்தனர். ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாள்களில் இம்மரங்களின் இலைகள் செம்மஞ்சளாக மாறி உதிர்கின்றன. சில வாரங்களில் புதுத்தளிர் தோன்றும். மரம் தன் சேமிப்பைத் தளிர்களுக்கே செலவிடுவதால் பால் குறைந்துவிடும். பால் குறைந்தால் வீட்டு வருமானமும் குறையுமன்றோ? அத்தகைய நாள்களில், லயத்து வீட்டின் பின்புறத்திலிருந்த சிறு தோட்டமே குடும்பத்திற்குக் கைகொடுத்தது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்துப் பழமொழி. ஆனால், ஈப்போ வட்டாரத்தில் ஆடி மாதத்தில் மழை பொதுவாகக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலுமே மழை மிகுதியாகப் பெய்கிறது. ஆதலால், இவ்வூர் வானத்தைப் பார்த்தே நாம் விதைக்க வேண்டும்.

ஏப்ரலில் மஞ்சளை நட்டால் பொங்கலுக்குள் முதிர்ந்துவிடும். அப்பொழுதே நட்ட மரவள்ளியை, எட்டு முதல் பத்து மாதங்களில், அதாவது இலையுதிரும் காலத்தில் அகழலாம். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைப்பது அரிதானபோது, பலரின் பசியைத் தணித்தது இக்கிழங்கேயாகும். கீரை ஒரு மாதத்திலும் வெண்டை இரண்டு மாதங்களுக்குள்ளும் பலன் தரும்.

மழைக்காலத்தில் பாத்திகளை உயர்த்தி, வடிகாலைத் துப்புரவு செய்தல் வேண்டும். இல்லையேல் வேர் அழுகும். மாலையில் நத்தைகளைப் பொறுக்கி அகற்றல் வேண்டும். வாளியிலும் தகரத்திலும் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆதலால் அவற்றைக் கவிழ்த்து வைப்போம்.

வறண்ட காலத்தில் காலையிலோ மாலையிலோ நீரூற்றுக. உதிர்ந்த இலைகளை எரித்தல் கூடாது. அவற்றைச் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காக்கப்படும், மட்கினால் உரமுமாகும். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற மணல் நிலத்தில் நீர் நிற்பதில்லை. அங்கே மட்கிய உரமின்றிப் பயிர் செழிக்காது. கருவிகளைக் கழுவி எண்ணெய் தடவுதலும், முற்றிய காய்களிலிருந்து விதை எடுத்து உலர்த்தி வைத்தலும் இக்காலத்திற்கு உரிய பணிகளே.

1974ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, காலி நிலங்களில் காய்கறி பயிரிட மக்களை ஊக்குவித்தது. இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளைக்கு மண் ஏது? பள்ளித் தோட்டமே அவனுக்கு உரிய நிலம்.

மாணவர்களே! உங்கள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இலையுதிர்ந்த மாதத்தில் என்ன சமைத்தீர்கள்?" அவர் கூறும் விடையைக் குறித்துக்கொண்டு, அச்செடியையே நம் பாத்தியில் நடுங்கள். முன்னோரின் அறிவு அழியாது வாழும்.