பனியன் என்ற சொல்

திருப்பூரில் ‘பனியன் கம்பெனி’ என்றால் அனைவருக்கும் விளங்கும். ஆனால் அந்தப் பெயரில் உள்ள ‘பனியன்’ என்பது ஆங்கிலத்தில் பல பொருள்களில் வழங்கிப் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்ட சொல் என்பதைப் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வணிகனைக் குறிக்கும் ‘வாணியோ’ என்னும் குஜராத்திச் சொல்லே இதன் வேர். தமிழின் ‘வணிகன்’ என்பதும் இதற்கு உறவுடையதே. போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல் முதலில் குஜராத்தி வணிகரைக் குறித்தது. பாரசீக வளைகுடாக் கரையில் அவர்கள் கூடி வழிபட்ட ஆலமரத்தை ஐரோப்பியப் பயணிகள் அவர்கள் பெயராலேயே அழைத்ததால், ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அப்பெயர் நிலைத்தது. அவ்வணிகர் புலால் உண்ணாதவர் என்பதால், பிரிட்டிஷ் கடற்படையில் இறைச்சி வழங்கப்படாத நாள் ‘பனியன் நாள்’ எனப்பட்டது. இச்சொல்லின் நெடும்பயணத்தில் மிகவும் வியப்புக்குரிய திருப்பம் இதுவே.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வர்கள் வீட்டில் அணிந்த தளர்வான அங்கியும் இப்பெயர் பெற்றது. இந்தியாவிலோ இச்சொல் முதலில் மஸ்லின் உள்ளாடையைக் குறித்து, பின்னர் இழுத்தால் நீளும் பின்னலாடைக்கு, அதாவது பாவும் ஊடுமாக நெய்யாமல் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்யும் ஆடைக்கு, உரியதாயிற்று. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இவ்விரு பொருளையும் பதிவு செய்துள்ளது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தொடங்கியது அதற்குப் பிறகு, 1920களில்தான். டி-சர்ட்டுகள் கடல் கடந்து ஏற்றுமதியாகும் இன்றும், அங்குள்ள தொழிலாளர் பேச்சில் பின்னலாடை ஆலை பனியன் கம்பெனியே.