மௌரியர் மேப்புக்கு வெளியே நின்ற தகடூர்: யார் இந்த ‘சத்தியபுத்திரர்’?

ஸ்கூல் ஹிஸ்டரி புத்தகத்தில் வந்த மௌரியப் பேரரசு மேப் ஞாபகம் இருக்கா? இந்தியாவில் பெரும்பகுதிக்கு ஒரே கலர் அடித்திருப்பார்கள். தெற்கே கர்நாடகாவோடு அது நின்றுவிடும். சேலம், நாமக்கல், தர்மபுரி எல்லாம் கோட்டுக்கு வெளியே.

அந்தப் பேரரசைத் தொடங்கியவர் சந்திரகுப்த மௌரியர். கி.மு. 321 வாக்கில் நந்தர்களிடமிருந்து மகதத்தைப் பிடித்தார். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்த செலூகஸே கடைசியில் 500 யானைகளை வாங்கிக்கொண்டு, சிந்து நதிக்கு மேற்கே இருந்த நிலங்களை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

அவருடைய பேரன்தான் அசோகர். தன் எல்லைக்கு வெளியே இருந்த நாடுகளிலும் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாக 2ஆம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார். அதில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்று வருவது நமக்குப் புரிகிறது. கூடவே ‘சத்தியபுத்திரர்’ என்று ஒரு பெயர். அது யாரு?

காஞ்சிபுரம், துளுநாடு, சத்தியமங்கலம் என்று ஆளாளுக்கு ஓர் ஊரைச் சொன்னார்கள். விடை 1981இல் கிடைத்தது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை கிராமத்துக் குகையில் ஒரே வரியில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இது என்பது அதன் பொருள்.

ஆமாம், ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்! தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அவர் தலைநகர். 1965 வரை தர்மபுரியும் 1997 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. தகடூர்க்காரர் பெயர் திருக்கோவிலூர் பக்கம் எப்படிப் போனது? மலையமான் காரியின் அந்த ஊரை அஞ்சி வென்றதாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. தோற்ற காரி சேரனோடு சேர்ந்தார். கொல்லிமலை ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தார். பின்னாளில் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்க் கோட்டையையே அழித்தார்.

ஆனால் குலம் அழியவில்லை. மௌரியர் ஆட்சி கி.மு. 185 வாக்கிலேயே முடிந்துவிட்டது. நாமக்கல் மலையைக் குடைந்து அதியர் வழிவந்தவர்கள் ரங்கநாதர் குகைக்கோயில் கட்டியது கி.பி. 8ஆம் நூற்றாண்டில். அங்குள்ள கல்வெட்டில் கோயிலின் பெயர், ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’.