பிளாட்டோ (சொல்)

பிளாட்டோ என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கிய சொல். சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து, மேற்பரப்பு ஓரளவு சமமாக விரிந்த நிலத்தை இது குறிக்கும். தமிழ்ப் பாடநூல்களில் இது பீடபூமி.

பிரெஞ்சில் 'பிளா' என்றால் தட்டை. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் தட்டையான மரத்துண்டு அல்லது உலோகத் துண்டைக் குறிக்கும் சொல் பிறந்து, பின்னர் பிளாட்டோ ஆயிற்று. இன்றும் பிரெஞ்சு உணவகத்தில் பிளாட்டோ கேட்டால் வருவது தாம்பாளம்தான். நிலத்தைக் குறிக்கும் பொருளில் ஆங்கிலம் இச்சொல்லை எடுத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்.

இதன் வேர் 'அகன்ற' என்று பொருள்படும் பிளாட்டிஸ் என்ற கிரேக்கச் சொல் என்பர். சாப்பிடும் 'பிளேட்'டும் தத்துவஞானி பிளேட்டோவின் பெயரும் அதே வழியில் வந்தவை. வடமொழியின் பிருதிவியும் (பரந்தது, அதாவது நிலம்) இவற்றுக்குத் தூரத்து உறவு.

உயர்நிலத்துக்குப் பெயரிட மக்கள் வீட்டுப் பொருள்களையே நாடியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது தாம்பாளம். ஸ்பானியர் தட்டையான உச்சியுள்ள குன்றை 'மெசா' என்றனர். அதன் பொருள் மேசை. நம் 'மேசை'யும் அதே சொல்தான், போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. பீடபூமியில் இருப்பது பீடம், அதாவது இருக்கை.

இந்த உவமையை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள பீடபூமி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் மாணவர், மேலே மைதானம் போன்ற சமவெளியை எதிர்பார்ப்பார். அறப்பளீசுவரர் கோயில் உள்ள வளப்பூர் நாட்டில் அவர் காண்பதோ மேடும் பள்ளமும்: பள்ளத்தில் நெல், சரிவில் சாமை, கேழ்வரகு. கோயிலருகே ஓடும் ஐயாறு ஆகாய கங்கை அருவியாக விழும் இடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஆகவே பீடபூமி என்பதில் 'சமம்' என்பது ஓர் ஒப்பீடு மட்டுமே. செங்குத்தான மலைப் பக்கங்களோடு ஒப்பிட்டால்தான் உச்சி சமம். 'தட்டையான நிலம்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது பிடிபடாது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தந்திக் குறியீடு கற்போரை ஆராய்ந்த பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்கர் இருவர், ஒரு கட்டத்தில் வேகம் கூடாமல் நிற்பதைக் கண்டனர். வரைபடத்தில் ஏறிவந்த கோடு அங்கே படுத்துக் கிடந்தது. அதைப் பிளாட்டோ என்றனர் (1897). இன்று உடல் எடை குறையாமல் நிற்பதற்கும், விற்பனை ஏறாமல் நிற்பதற்கும் அதே சொல்தான். இங்கே பீடபூமி என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும். தேக்கநிலை என்பதே பொருந்தும்.