ஒரு மடக்குக் கத்திக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாயா?

பெட்டிக்கடையில் தொங்குற மடக்குக் கத்தி ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிரான்ஸில் 1890-லிருந்து செய்யப்படும் ஓபினெல் கத்தியில் 8-ம் நம்பர் சுமார் 20 டாலர். அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் தயாராகும் 'செபென்சா' 400 டாலருக்கும் மேல. நம்ம காசுக்கு முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டி வரும், ஒரு சுமாரான லேப்டாப் விலை! மூணுமே ஆப்பிள் வெட்டும். அப்புறம் எதுக்கு இவ்வளவு விலை?

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. ஆப்பிள் வெட்டுற போட்டி வெச்சா ஓபினெல்தான் ஜெயிக்கும். அதோட பிளேடு செபென்சா பிளேடில் ஏறக்குறைய பாதி தடிமன்தான். கூர்மைங்கிறது விளிம்பில் மட்டும் இருக்கு. விளிம்பு உள்ளே போன பிறகு பழத்தைப் பிளந்துகிட்டு போறது பிளேடின் மொத்த உடம்பும். உடம்பு மெலிசா இருந்தா சுலபமா இறங்கும், தடிமனா இருந்தா ஆப்பு வைத்த மாதிரி பிளக்கும். ஆக, வெட்டுறதுக்காக மட்டும் 400 டாலர் கொடுக்கிறவர் ஏமாந்துதான் போவார். காசு வேற இடத்துக்குப் போகுது. எங்கேன்னு பார்ப்போம்.

இந்தக் கத்தியை வடிவமைத்தவர் கிறிஸ் ரீவ். தென்னாப்பிரிக்காக்காரர், டூல் அண்ட் டை மேக்கராகத் தொழில் பழகியவர். 1989-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். செபென்சா என்றால் சூலு மொழியில் 'வேலை'ன்னு அர்த்தம்.

முதல் விஷயம் லாக். விரித்த கத்தி கையிலேயே மடங்கினா விரல் போயிடும். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர் லைனர் லாக் என்ற முறையைச் செம்மைப்படுத்தினார். கைப்பிடிக்கு உள்ளே ஒரு மெல்லிய தகடு ஸ்பிரிங் மாதிரி வளைந்து வந்து, பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும். ரீவ் அந்தத் தனித் தகட்டையே எடுத்துட்டு, டைட்டானியம் கைப்பிடியிலேயே ஒரு பிளவு வெட்டி, அந்தப் பக்கத்தையே ஸ்பிரிங்காக்கினார். இதைத்தான் இன்னிக்கு எல்லா கம்பெனியும் ஃபிரேம் லாக்னு சொல்லுது. கத்தியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, நம்ம கையே லாக்கை உள்ளே தள்ளும்.

பிளேடின் முட்டுப் பகுதியைக் கொஞ்சம் சரிவாக வெட்டியிருப்பாங்க, பொதுவா 7-லிருந்து 9 டிகிரி. முதல் வருஷ மெக்கானிக்ஸில் படித்த உராய்வுக் கோணம் ஞாபகம் இருக்கா? tan 8° சுமார் 0.14. உராய்வுக் குணகம் அதைவிட அதிகமா இருக்கும்வரை லாக் தானா வழுக்கி வெளியே வராது. சரிவு அதிகமானா வழுக்கும், குறைந்தா ஆப்பு மாதிரி இறுகி, கட்டைவிரலால் தள்ளித் திறக்கவே முடியாது. அதோட டைட்டானியத்துக்கு ஒரு கெட்ட குணம், ஸ்டீலில் உரசும்போது ஒட்டிப் பிடிக்கும். அதனால 'செபென்சா 31' மாடலில் பிளேடைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன செராமிக் குண்டைப் பதிச்சிருக்காங்க.

ஆனா என்னைக் கேட்டா, காசு அதிகமா ஒளிஞ்சிருக்கிற இடம் பிவட்தான்.

சாதாரண மடக்குக் கத்தியில் பிவட் ஸ்குருவை நாமதான் பார்த்துப் பார்த்து முறுக்கணும். கொஞ்சம் அதிகமா முறுக்கினா பிளேடு நகராது, கொஞ்சம் தளர்த்தினா ஆடும். செபென்சாவில் அந்த வேலையே இல்லை. பிளேடின் துளைக்குள்ளே ஒரு புஷ் இருக்கு. பிளேடின் தடிமனையும் அதன் இரண்டு பக்க பாஸ்பர் பிரான்ஸ் வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் வருவதைவிட அந்த புஷ் ஒரு இம்மி நீளம். ஸ்குருவை முழுசா முறுக்கலாம். அழுத்தம் புஷ் மேலதான் விழும், பிளேடு சுதந்திரமா சுத்தும்.

சொல்றதுக்கு எளிது. செய்து பாருங்க. பிளேடு, இரண்டு வாஷர், புஷ் என மொத்தம் நாலு அளவு. ஒவ்வொன்றிலும் ±0.02 மி.மீ. பிசகுன்னு வெச்சுப்போம். நம்ம ஒர்க்‌ஷாப் லேத்தில் அந்த அளவு வந்தாலே வாத்தியார் தோளில் தட்டிக்கொடுப்பார். மோசமான நிலையில் நாலும் ஒரே பக்கம் சேர்ந்தால் 0.08 மி.மீ. இடைவெளி. வாஷர் 10 மி.மீ. அகலம், பிளேடு முனை 90 மி.மீ. தள்ளி இருக்குன்னா, முனையில் அந்த ஆட்டம் 0.72 மி.மீ. கையில் நல்லாவே தெரியும். பிசகு எதிர்ப்பக்கம் சேர்ந்தால் பிளேடு நகரவே நகராது. டாலரன்ஸ் ஸ்டாக்-அப் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். ரீவ் நிறுவனம் இதற்குச் சொல்லும் கணக்கு ஒரு இன்ச்சில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.013 மி.மீ. முதல் 90 சதவீதத் துல்லியத்துக்கு ஆகும் செலவைவிடக் கடைசிக் கொஞ்சத்துக்கு ஆகும் செலவுதான் அதிகம். விலை அங்கேதான் ஏறுது.

இதனால் உடைமைக்காரருக்கு என்ன லாபம்? கத்தியைத் தானே கழற்றலாம். பெட்டியிலேயே ஆலன் கீ வருது. மண், பழச்சாறு எது உள்ளே போனாலும் கழற்றி, துடைத்து, ஒரு துளி கிரீஸ் வைத்து மறுபடி மாட்டினா பழைய சீருக்கே வந்துடும், சரிசெய்ய எதுவுமில்லை. திறந்தா வாரண்டி போச்சுன்னு மிரட்டுற போன் கம்பெனிகளைப் பார்த்துப் பழகின நமக்கு இது புதுசு.

ஸ்டீல் பற்றிச் சுருக்கமா. இப்போ வரும் செபென்சாக்களில் இருப்பது மேக்னாகட். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வெளியானது. உருகிய எஃகை வாயுவால் பொடியாகத் தெறிக்க வைத்து, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குறாங்க. அதனால் கார்பைடு துகள்கள் பெருசா வளர நேரமில்லை. குரோமியம் 11 சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனா அது கார்பைடில் சிக்காமல் கரைந்தே இருப்பதால் துரு எளிதில் பிடிக்காது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. உள்ளே இருக்கும் வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் சூடேற்றி விளிம்பைக் கெடுத்துடலாம். வைரத்தூள் பதித்த தகடு வாங்கி, பொறுமையா நாமே தீட்டணும்.

அப்போ வாங்கலாமா? மாணவரா இருக்கும்போது வேண்டாம் என்பது என் கட்சி. கீறல் விழுமோன்னு பயந்து டிராயரில் பூட்டி வைக்கிற கத்தி 'வேலை' என்ற பெயருக்கே அவமானம். ஓபினெல் ஒன்று வாங்கி, தினமும் பயன்படுத்தி, தீட்டக் கத்துக்கோங்க. சம்பளம் வந்த பிறகும் ஆசை இருந்தா பார்க்கலாம். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் 'செபென்சா' கண்ணில் பட்டா அது நகல். வெளித்தோற்றம் அச்சு அசலா இருக்கும். ஸ்டீல் என்னன்னு கண்ணால் சொல்ல முடியாது, ஆனா பிவட்டைக் கழற்றி மாட்டினா முனை ஆடும்.

எந்தக் கத்தியானாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீங்க, செக்-இன் பெட்டிக்குள் போடுங்க. ஹாஸ்டலில் இருக்கிறவங்க முதலில் விதிமுறையைப் படிச்சுட்டு வாங்குங்க.