தோற்ற ராஜாவின் பெயரில் வென்ற பலகை!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலி நாட்டில் ஒரு ராஜா இருந்தான். இவ்ரேயா என்ற ஊரின் பிரபு அவன். 1002-ம் ஆண்டில் இத்தாலியின் மன்னனாக முடிசூடிக் கொண்டான். இரண்டே ஆண்டில் ஜெர்மனி மன்னன் ஹென்றி படை எடுத்து வந்தான். இவ்ரேயா ராஜா தோற்றான். கடைசிக் காலத்தில் ஒரு மடத்தில் துறவியாகச் சேர்ந்து, 1015-ல் கண்ணை மூடினான்.

அந்த ராஜாவை உலகம் மறந்து விட்டது. ஆனால் அவன் பெயரை இன்று பல நாட்டுப் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அந்தப் பெயர், "ஆர்டுயினோ."

இப்போது அது ஒரு மின்சாரப் பலகையின் பெயர். உள்ளங்கையில் அடங்கும் பலகை. அதை வைத்து விளக்கு எரிய விடலாம். மணி அடிக்க விடலாம். சின்ன மோட்டாரை ஓட்டலாம். என்ஜினீயர் படிப்பு தேவை இல்லை. பள்ளிக்கூடப் பையனும் செய்யலாம். வீட்டில் இருக்கும் அம்மாவும் செய்யலாம்.

ராஜாவின் பெயர் பலகைக்கு வந்தது எப்படி? அது ஒரு ருசிகரமான கதை.

டைப்ரைட்டர் ஊர்

இவ்ரேயா, வட இத்தாலியில் உள்ள சின்ன ஊர். 1908-ம் ஆண்டில் கமில்லோ ஒலிவெட்டி என்பவர் அங்கே டைப்ரைட்டர் தொழிற்சாலை தொடங்கினார். ஒலிவெட்டி டைப்ரைட்டர் உலகமெங்கும் புகழ் பெற்றது.

டைப்ரைட்டரின் காலம் முடிந்தது. கம்ப்யூட்டர் வந்தது. 2001-ல் அதே ஊரில் ஒரு புதுமையான கல்லூரி நடக்கத் தொடங்கியது. மனிதன் பழகும் கருவிகளை எப்படி அமைப்பது என்று கற்றுக் கொடுக்கும் கல்லூரி அது.

அங்கே பாடம் நடத்திய ஆசிரியர்களில் ஒருவர், மாசிமோ பான்சி. அவருக்கு ஒரு கவலை. மாணவர்கள் படம் வரைவார்கள். அழகான பொருள்களைக் கற்பனை செய்வார்கள். ஆனால் மின்சார நுணுக்கம் தெரியாது. கற்பனைக்கு உயிர் கொடுக்க ஒரு சின்ன மின்மூளை வேண்டும். கடையில் கிடைத்த பலகை ஒன்றின் விலை 50 டாலருக்கு மேல். மாணவர் கைக்கு எட்டாத விலை!

கொலம்பியா மாணவர்

அந்தக் கல்லூரியில் ஹெர்னாண்டோ பர்ராகான் என்று ஒரு மாணவர் இருந்தார். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டைச் சேர்ந்தவர். 2003-ல் அவர் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினார். மின்சாரம் படிக்காதவரும் எளிதாகப் பழகும் பலகை ஒன்றைச் செய்தார். அதற்கு எளிய கட்டளைச் சொற்களையும் அமைத்தார். "ஒயரிங்" என்று பெயர் வைத்தார். ஆராய்ச்சிக்கு மேற்பார்வை பார்த்தவர்களில் பான்சியும் ஒருவர்.

2005-ல் பான்சியும் வேறு சிலரும் அந்த ஒயரிங்கை அடிப்படையாக வைத்து, இன்னும் மலிவான சிப் ஒன்றைப் பொருத்தி, புதிய பலகை செய்தார்கள். 30 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். ஓட்டலுக்குப் போய் பிட்சா சாப்பிடும் செலவு, அவ்வளவுதான்!

பான்சியோடு சேர்ந்தவர்கள் நால்வர். டேவிட் குவார்ட்டியெஸ், டாம் ஐகோ, ஜான்லூக்கா மார்ட்டினோ, டேவிட் மெல்லிஸ். ஸ்பெயின்காரர், அமெரிக்கர், இத்தாலியர் என்று பல நாட்டவர்.

பலகைக்கு என்ன பெயர் வைப்பது? ஊரில் பான்சி வழக்கமாகப் போகும் மதுக்கடை ஒன்று இருந்தது. கடைக்குத் தோற்ற ராஜாவின் பெயர். அந்தப் பெயரே பலகைக்கும் வந்தது!

கல்லூரி மூடப் போகிறது!

அந்த நேரத்தில் இடி விழுந்தது. கல்லூரிக்குப் பணமுடை. இவ்ரேயாவில் அது நீடிக்காது என்று தெரிந்து விட்டது.

கல்லூரி போனால் பலகை என்ன ஆகும்? வரைபடங்கள் பெட்டிக்குள் பூட்டப்படும். பட்ட பாடெல்லாம் வீண்!

ஐவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பலகையின் வரைபடத்தை உலகத்துக்கே கொடுத்து விட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே போலச் செய்யலாம். மாற்றலாம். விற்கலாம். பெயரை மட்டும் எடுத்துக் கொள்ளக் கூடாது!

முதலில் 300 வெற்றுப் பலகைகள் செய்து மாணவர்களிடம் கொடுத்தார்கள். "நீங்களே உறுப்புகளைப் பொருத்தி, ஏதாவது செய்து பாருங்கள்" என்று விட்டு விட்டார்கள்.

அப்போது பிறந்த கருவிகளில் ஒன்று, வேடிக்கையான அலாரக் கடிகாரம். அது மேல் கூரையில் இருந்து கம்பியில் தொங்கும். காலையில் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் பித்தானைத் தட்டினால் அடங்கும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் மேலே ஏறிக் கொள்ளும். மறுபடி அடித்தால் கைக்கு எட்டாது. படுக்கையை விட்டு எழுந்தே ஆக வேண்டும்!

எப்படி வேலை செய்கிறது?

ஆர்டுயினோ பலகைகளில் பிரபலமானது "ஊனோ." 2010-ல் வந்தது. ஊனோ என்றால் இத்தாலிய மொழியில் "ஒன்று."

அதன் நடுவே கறுப்பாக ஒரு சிப் இருக்கும். மரவட்டை போல இரண்டு பக்கமும் கால்கள். பக்கத்துக்கு 14 கால்கள். இதுதான் பலகையின் மூளை.

கம்ப்யூட்டரில் கட்டளைகளை எழுதி, ஒரு கம்பி வழியாக இந்தச் சிப்புக்குள் அனுப்ப வேண்டும். பிறகு கம்பியை எடுத்து விடலாம். மின்சாரம் நின்றாலும் கட்டளை மறக்காது.

கட்டளைக்கு இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி, தொடக்கத்தில் ஒரே முறை நடக்கும். இரண்டாவது பகுதி, செக்கு மாடு போலத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கொண்டே இருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் செய்வது விளக்குப் பாடம். பலகையிலேயே கடுகு போல ஒரு விளக்கு இருக்கிறது. "ஏற்று. ஒரு விநாடி பொறு. அணை. ஒரு விநாடி பொறு." இதுதான் கட்டளை. விளக்கு கண் சிமிட்டும். அதைப் பார்த்ததும் பெரியவர்களுக்கும் குழந்தைச் சிரிப்பு வந்து விடும்!

செடி கேட்கும் தண்ணீர்

அடுத்த பாடம், பூந்தொட்டி.

தொட்டி மண்ணில் இரண்டு உலோகக் குச்சிகளைச் செருக வேண்டும். மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் எளிதில் ஓடும். காய்ந்து போனால் தடைபடும். பலகை இதை 0 முதல் 1,023 வரை ஓர் எண்ணாக மாற்றிக் கொள்ளும். ஈர மண்ணுக்கு ஓர் எண்; காய்ந்த மண்ணுக்கு வேறு எண். எந்த எண்ணில் மணி அடிக்க வேண்டும் என்று கட்டளையில் எழுதி விட்டால் போதும். செடிக்குத் தாகம் எடுத்தால் மணி அடித்துக் கூப்பிடும்!

ஒன்று எச்சரிக்கை. இந்தப் பலகை 5 வோல்ட்டில் நடப்பது. தொட்டால் ஆபத்து இல்லை. வீட்டுச் சுவரில் வரும் மின்சாரமோ 230 வோல்ட். அது ஆளைக் கொல்லும். பிள்ளைகள் பலகையை அதனோடு இணைக்கவே கூடாது. பேட்டரியோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

ஆகாயத்திலும் ஆர்டுயினோ

கொடுத்த பொருள் குறையவில்லை, பெருகியது. சீனாவில் நகல்கள் செய்து குவித்தார்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் அப்படிப்பட்ட பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

2013-ல் இந்தப் பலகைகளை வைத்துச் செய்த குட்டிச் செயற்கைக் கோள்கள் ராக்கெட்டில் ஏறின. அந்த ஆண்டு நவம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து அவற்றை விண்ணில் விட்டார்கள். மதுக்கடைப் பெயர் பூமியைச் சுற்றியது!

பெயருக்குச் சண்டை

எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் கொடுக்கவில்லை அல்லவா? அந்தப் பெயருக்கே சண்டை வந்தது. நண்பர்கள் பிரிந்தார்கள். பலகையைச் செய்து வந்தவர் ஒரு பக்கம். மற்ற நால்வர் ஒரு பக்கம். 2015-ல் வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 2016 அக்டோபரில் சமரசம் ஏற்பட்டது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் குவால்காம் கம்பெனி, ஆர்டுயினோ நிறுவனத்தை வாங்கப் போவதாக அறிவித்தது.

கொலம்பியா மாணவர் என்ன ஆனார்?

அவரை அந்த ஐவரோடு யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. 2016-ல் அவர் மௌனம் கலைத்தார். தன்னை அழைக்காமலே தன் வேலையின் மேல் இது கட்டப்பட்டது என்று நீண்ட வரலாறு எழுதி வெளியிட்டார். ஆர்டுயினோவுக்கு ஒயரிங்தான் அடிப்படை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

பலகையை வாங்கும் பிள்ளைக்கு பர்ராகானின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் "விளக்கை ஏற்று" என்று பலகைக்குச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதும் கட்டளைச் சொல் ஒயரிங்கில் பிறந்தது. முதல் விளக்கு கண் சிமிட்டும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த மாணவரின் உழைப்பு இருக்கிறது.